உப்புக் கரிக்கும் வியர்வை... உள்ளுக்குள் இளைக்கும் எலும்பு!

குழந்தையை முத்தமிடும்போது உதட்டில் உப்புக் கரிக்கிறதா? வெயிலில் ஆடிவிட்டு வந்த பிள்ளையின் நெற்றியில், வியர்வை காய்ந்த இடத்தில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறதா? 'வெயில் காலம்தானே, எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதானே' என்பீர்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே பிள்ளைக்கு மாதக்கணக்கில் இருமலும் சளியும் விடவில்லை, தட்டு நிறையச் சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை, மலம் எண்ணெய்ப் பசையோடு குடலைப் புரட்டும் நாற்றமடித்துத் தண்ணீரில் மிதக்கிறது என்றால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஒன்றும் இல்லை. நுரையீரலையும் கணையத்தையும் கெடுக்கும் நோய் என்றுதான் இதைப் பற்றிப் பேசுவார்கள். நான் இங்கே எழுதப் போவது அந்த நோய் எலும்புக்குச் செய்கிற கெடுதலைப் பற்றி. காரணம், அதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. எலும்பு வலிக்காது, வீங்காது, காய்ச்சல் காட்டாது. ஒருநாள் பலமாக இருமும்போது விலா எலும்பு விரிசல் விடும். அப்போதுதான் தெரியும்.

உப்பு எங்கே போகிறது?

நம் உடம்பில் சளி, செரிமான நீர், வியர்வை இவையெல்லாம் எந்த அளவு நீர்த்திருக்க வேண்டும் என்பதை செல்களின் சுவரில் இருக்கும் ஓர் உப்பு வாசல் தீர்மானிக்கிறது. அந்த வாசலைச் செய்யும் மரபணு 7-வது குரோமோசோமில் இருக்கிறது. 1989-ல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த விஞ்ஞானிகள் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். இந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக, இரண்டும் பழுதாக வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுது என்றால் ஆள் நன்றாகவே இருப்பார். சந்ததிக்கு மட்டும் கடத்துவார். இருவருமே அப்படிக் கடத்துகிறவர்களாக இருந்துவிட்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது.

வாசல் பழுதானால் சளி பசைபோல இறுகிவிடும். நுரையீரலில் அது தேங்கிக் கிருமிக்கு வீடாகிறது. கணையத்தின் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. வியர்வையிலோ உப்பு திரும்ப உள்ளே இழுக்கப்படாமல் வெளியே கொட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த கதை நம் கத்திரி வெயில்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். இந்த நோயை 1938-ல் தெளிவாக எழுதி வைத்தவர் நியூயார்க்கின் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர். 1948-ல் அந்த நகரத்தில் வெயில் கொளுத்தியபோது, சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்த நோய்க்காரர்களாக இருந்தார்கள். அதிலிருந்து நூல் பிடித்துப் போய், 1953-ல் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் வியர்வையில் உப்பு அதிகம் என்பதை நிறுவினார். இன்றைக்கும் நோயை உறுதி செய்யும் முதல் சோதனை வியர்வைச் சோதனைதான். குளோரைடு அளவு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நம்ம ஊரில் ஏது?' என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது சரியில்லை என்று ஆகிவிட்டது. 1968-லேயே இந்தியக் குழந்தை ஒன்றுக்கு இருந்ததை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸிலும் நம் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். பிரச்னை என்னவென்றால், அங்கே போய்ச் சேருவதற்குள் பிள்ளைக்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்றும், ஆஸ்துமா என்றும், 'மாந்தம்' என்றும் பல பெயர் வைத்தாகிவிடும். பீங்கான் பட்டறைத் தூசி பறக்கும் எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் கைவசம் இருக்கிறது: "அப்பா பட்டறையில வேலை பாக்கறாரு, தூசு வீட்டுக்கு வருது, அதான் இருமறான்" என்பார்கள். தூசி பொல்லாதது, மறுக்கவில்லை. ஆனால் தூசி, பிள்ளையின் மலத்தில் எண்ணெயை மிதக்கவிடாது.

கொழுப்புக்கு அடுத்தது எலும்பு

நாங்கள் சித்த மருத்துவக் கல்லூரியில் முதலில் படிப்பது ஏழு உடற்கட்டுகள். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். சாப்பிட்டது சாரமாகி, அது ரத்தமாகி, ஒன்று அடுத்ததற்கு ஊட்டம் கொடுத்துக்கொண்டே போகும் என்பது நம் முன்னோர் கணக்கு. அந்த வரிசையில் எலும்புக்கு முந்தி நிற்பது கொழுப்பு. சித்தர்களுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் தெரிந்திருந்தது என்று நான் கதை விட வரவில்லை. ஆனால் இந்த நோயில் நடப்பதைப் புரிந்துகொள்ள அந்த வரிசை நல்ல படிக்கட்டு.

எப்படி என்கிறீர்களா? கணையக் குழாய் அடைபட்டதால், கொழுப்பைச் செரிக்கும் நீர் குடலுக்கு வந்து சேருவதில்லை. நெய், பால், எண்ணெய், முட்டை எது போட்டாலும் அதிலுள்ள கொழுப்பு அப்படியே வெளியேறும். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே நான்கும் அதோடு சேர்ந்து போய்விடும். டி இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உறிஞ்சாது. கே இல்லாவிட்டால் எலும்பில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதம் சரியாக வேலை செய்யாது. போதாக்குறைக்குச் செரிக்காத கொழுப்பு, குடலில் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு சோப்பு மாதிரி ஆகி அதையும் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. ஆக, கால்சியம் மாத்திரையை டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்தாலும், கொழுப்பு செரிக்காத வயிற்றில் அது பாதிக்குப் பாதி வீண்.

எங்கள் விருத்தாசலத்துக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று பீங்கானில் பிழைக்கும் ஊர் இது. மண் கலவை சரியாக இருக்க வேண்டும்; அச்சில் வார்த்தது பதமாக உலர வேண்டும்; சூளையில் சூடு ஏற வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் பொம்மை பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கும், விரலால் சுண்டினால்தான் குட்டு வெளிப்படும். எலும்பும் அப்படித்தான். புரத நாரின் மேல் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து படிந்து இறுகிய பொருள் அது. வெளிநாட்டில் 'போன் சைனா' என்ற உயர்ந்த ரகப் பீங்கானுக்கு மாட்டெலும்புச் சாம்பலையே கலக்கிறார்கள் என்றால், இரண்டுக்கும் உள்ள உறவைப் பாருங்கள்! ஒரே ஒரு வித்தியாசம்: பீங்கான் சுட்டதோடு முடிந்தது. எலும்பு உயிருள்ளது. ஒரு கூட்டம் செல்கள் பழையதை இடித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கூட்டம் கொத்தனார் மாதிரி புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். சுமார் 25 வயதுவரை கட்டுமானம் முந்தும். அதிலும் வயதுக்கு வரும் சில வருடங்களில்தான் கட்டுமானம் மும்முரம். அதற்குள் சேர்த்து வைத்ததுதான் ஆயுசுக்கும் முதலீடு.

இந்த நோய்ப் பிள்ளைகள் பலருக்கு அந்த வருடங்களில்தான் முதலீடு குறைகிறது. செரிமானம் மட்டும் காரணமில்லை. நுரையீரலில் ஓயாமல் இருக்கும் கிருமித் தொற்று ரத்தத்தில் சில ரசாயனங்களைச் சுரக்கவைக்கிறது. அவை எலும்பை இடிக்கும் செல்களை உசுப்பிவிடும். மூச்சுத்திணறலுக்கும் நுரையீரல் பூஞ்சை ஒவ்வாமைக்கும் மாதக்கணக்கில் வாயால் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை அரிக்கும். (இன்ஹேலரில் போகும் அளவு மிகக் குறைவு, அதற்குப் பயந்து யாரும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, அது உயிருக்கே ஆபத்து.) உடம்பு மெலிந்திருப்பதால் வயதுக்கு வருவது தள்ளிப்போகும். பதினைந்து முடிந்தும் பெண் உட்காரவில்லை என்றால் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மூடி வைக்கிறார்கள். ஹார்மோன் வராவிட்டால் எலும்பு எப்படிக் கட்டப்படும்? கணையம் நலிந்தால் சர்க்கரை நோயும் வரும். அதுவும் எலும்புக்குப் பகை. இவற்றோடு, அந்த உப்பு வாசல் எலும்பு கட்டும் செல்களிலேயே இருக்கிறது, அங்கேயும் அது பழுது என்பது பிற்பாடு தெரிய வந்த சங்கதி.

ஒரு விலா முறிந்தால்...

1998-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், நுரையீரல் மாற்று அறுவைக்காகக் காத்திருக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களை ஆராய்ந்து பார்த்தார்கள். முதுகின் முள்ளெலும்பு நசுங்குவது மற்றவர்களைவிட ஏறத்தாழ 100 மடங்கும், விலா எலும்பு முறிவு 10 மடங்கும் அதிகமாக இருந்தது. அது கடைசிக் கட்ட நோயாளிகள் கணக்கு. 2010-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த நோயோடு வாழும் பெரியவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு எலும்புப் புரையும், இன்னும் 38 சதவீதம் பேருக்கு அதற்கு முந்திய நிலையான எலும்புத் தளர்ச்சியும் இருந்தன. நூற்றில் 14 பேருக்கு எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. நம் நாட்டிலும் எய்ம்ஸ் டாக்டர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, நம் பிள்ளைகளின் எலும்பு அடர்த்தியும் ஆரோக்கியமான பிள்ளைகளைவிடக் குறைவு என்றே காட்டியது.

எழுபது வயதுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது நமக்குத் தெரிந்த கதை. இருபது வயதுப் பையனுக்கு முதுகெலும்பு நசுங்குவதை நம்பக்கூட மாட்டோம். அதுவும் விழாமலே!

முறிவு வெறும் வலியோடு போனால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். இந்த நோயில் உயிரைக் காப்பதே இருமல்தான். நுரையீரலில் ஒட்டிய சளியைத் தட்டி, இருமி, தினமும் வெளியேற்ற வேண்டும். விலா முறிந்தவர் வலிக்குப் பயந்து இருமலை அடக்குவார், மூச்சை மேலோட்டமாக இழுப்பார். சளி தேங்கும். கிருமி பெருகும். நுரையீரலின் பலம் இன்னும் ஒரு படி இறங்கும். முள்ளெலும்பு நசுங்கிக் கூன் விழுந்தால் மார்புக்கூடே சுருங்கி, மூச்சு விரிய இடமில்லாமல் போகும். எலும்பு மிக மோசமாக இருந்தால், கடைசி வழியான நுரையீரல் மாற்று அறுவைக்கே தயங்குகிறார்கள். எலும்பைக் காப்பது நுரையீரலைக் காப்பதற்காகத்தான்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி

இப்போது வீட்டுச் சமையலறைக்கு வருவோம். எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான்.

சளி பிடித்த பிள்ளை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? பால் நிறுத்து, தயிர் நிறுத்து, நெய் நிறுத்து, வாழைப்பழம் கண்ணில் காட்டாதே! மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போதும். நான்கு நாள் ஜலதோஷத்துக்கு இது சரி, நானே சொல்வேன். ஆனால் வருடம் முழுக்கச் சளி இருக்கிற பிள்ளைக்கு வருடம் முழுக்கப் பத்தியம் என்றால் அந்த எலும்பு எதைத் தின்று வளரும்? "சளிப் பிள்ளைக்குத் தயிரா டாக்டர்? ஊரே சிரிக்குமே" என்று ஓர் ஆயா என்னிடமே கேட்டார்கள். "ஊர் சிரிச்சா சிரிக்கட்டும் ஆயா, எலும்பு ஒடிஞ்சா ஊரா வந்து சுமக்கும்?" என்றேன். இந்த நோய்க்காரர்களுக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகச் சாப்பாடு வேண்டும், அதிகக் கொழுப்பும் வேண்டும். நெய் ஊற்றிப் பிசைந்த பருப்புச் சாதம், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பால், தயிர் தாராளமாகத் தர வேண்டும். எங்கள் பக்கம் முந்திரிக்காடு. உடைந்த பருப்பு மலிவாகவே கிடைக்கும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கணையம் கெட்டவர்களுக்கு, டாக்டர் எழுதித் தரும் என்ஸைம் மாத்திரை இல்லாமல் இந்த நெய்யும் பாலும் வயிற்றுப்போக்காகத்தான் போகும். அந்த கேப்ஸ்யூலைச் சாப்பாடு ஆரம்பிக்கும்போது போட வேண்டும். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு போட்டால் பாதிப் பலன். பால் குடித்தாலும், வடை தின்றாலும் அதற்கும் வேண்டும். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு, உள்ளே இருக்கும் குருணையை ஆப்பிள் மாதிரி லேசாகப் புளிப்புள்ள பழ மசியலில் வைத்துக் கொடுக்கலாம். மெல்லவிடக் கூடாது, சுடுசோற்றிலோ பாலிலோ கலக்கக் கூடாது. இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் கேட்டுத் தயங்குவது எனக்குத் தெரியும். மருந்து என்று ஏற்பதா என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும். ஆனால் தெரியாமல் கொடுப்பதைவிடத் தெரிந்து முடிவெடுப்பது நல்லது.

கால்சியத்துக்குக் கணக்குச் சொல்கிறேன். 9 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் வரை வேண்டும். 200 மில்லி பசும்பால் ஒரு டம்ளரில் ஏறக்குறைய 240. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350. முருங்கைக்கீரை 100 கிராமில் 300-க்கு மேல். இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு வேளை கேழ்வரகுக் கூழோ அடையோ, கொஞ்சம் கீரை, அசைவக்காரர்களானால் முள்ளோடு தின்னும் நெத்திலி என்று போட்டால் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிடலாம். மீன் ஈரல் எண்ணெயை மட்டும் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். அதில் வைட்டமின் ஏ அதிகம். அளவு மீறினால் ஏ-வே எலும்பை இளைக்க வைக்கும்.

உப்பு? அப்பாவுக்கு பி.பி. என்று வீட்டுக்கே உப்பைக் குறைத்துவிடுகிறோம். இந்தப் பிள்ளைக்கு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. கோடையில் வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, ஊறுகாய் எல்லாம் இவர்களுக்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் உப்பு மோர் கொடுத்தனுப்புங்கள், டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

வெயில் நல்லதுதான். காலை பத்து, பதினொரு மணி வாக்கில் கை கால் படும்படி கால் மணி நேரம் நிற்கட்டும். சித்திரையில் மொட்டை மாடியில் நிறுத்திவிடாதீர்கள்! சில பூஞ்சை மருந்துகளும் கிருமிக்கொல்லி மருந்துகளும் சாப்பிடும் நாளில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்த்து, 30-க்குக் கீழே இருந்தால் டி3 மருந்தை டாக்டர் கூட்டிக் கொடுப்பார்.

ஓட்டம், ஸ்கிப்பிங், பாண்டி ஆட்டம் எல்லாம் எலும்புக்கு உரம். பாண்டி ஆடும் பெண் பிள்ளை ஒற்றைக் காலில் குதிக்கும் ஒவ்வொரு குதியும் இடுப்பெலும்புக்கு 'கட்டு, கட்டு' என்று உத்தரவு போடுகிறது. சளியும் இளகும். எலும்பு ஏற்கெனவே மோசம் என்று தெரிந்தவர்கள் மட்டும் கபடி மாதிரி மோதும் விளையாட்டையும், குனிந்து பளு தூக்குவதையும் விட்டுவிடட்டும்.

எங்கள் வைத்தியத்தில் என்ன செய்யலாம்?

"பிரண்டை கொடுக்கலாமா டாக்டர்? முத்துப் பற்பம் எலும்புக்கு நல்லதாமே?" இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

பிரண்டை நல்ல உணவு. இளம் தண்டாகப் பறித்து, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரையுங்கள். வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும். முறிந்த எலும்பு கூடுவதற்குப் பிரண்டை உதவுகிறது என்று எலிகளிலும், சிறிய அளவில் மனிதர்களிலும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. பிள்ளைக்குப் பசி எடுக்கவும் செய்யும். ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் எலும்புக்கு இதுதான் மருந்து என்று நான் சீட்டு எழுதித் தர மாட்டேன்.

பற்பங்கள் விஷயம் வேறு. சங்கு, முத்து, பவழம் எல்லாம் அடிப்படையில் கால்சியச் சரக்குகள். நான் முன்பு சொன்ன அதே கதைதான்: கொழுப்பும் டி-யும் சேராத உடம்பில் கால்சியத்தை மட்டும் கொட்டுவது, சூளை மூட்டாமல் மண்ணை மட்டும் குவிப்பது. இன்னொன்றும் உண்டு. இந்த நோயாளிகளுக்கு நுரையீரல் கிருமிக்காக சிப்ரோஃப்ளாக்ஸசின் அடிக்கடி கொடுப்பார்கள். பால், கால்சியம் மாத்திரை, பற்பம் எதுவானாலும் அதோடு ஒன்றாகப் போனால் மருந்தை இறுகப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. அந்த மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இவற்றைக் கொடுக்க வேண்டும். இவற்றைக் கொடுத்துவிட்டால், ஆறு மணி நேரம் கழித்துத்தான் அந்த மாத்திரை. ஈரலும் இந்த நோயில் பாதிக்கப்படக்கூடும் என்பதால், ரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகளின் பக்கமே போகக்கூடாது. லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் 'இழுப்புப் பொடி' பற்றி எச்சரிக்கை: உடனே கேட்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்றது பல இடங்களில் அகப்பட்டிருக்கிறது. எலும்பை உருக்குவதே அதுதான் என்று மேலே படித்தீர்கள்.

எண்ணெய் தடவலாம், இதமாக. தொக்கணம் என்று ஏறி மிதிப்பதும், முதுகில் சொடக்கு எடுப்பதும், வர்மம் என்று அழுத்துவதும் இந்த எலும்பில் வேண்டவே வேண்டாம். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடுவது நம் பக்கத்து வழக்கம். கை, கால் எதுவானாலும் இந்த நோயாளிக்கு முதலில் எக்ஸ்ரே, பிறகு எலும்பு டாக்டர். மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டவே கூடாது. மூச்சு விரியாது.

எப்போது சோதனை, என்ன மருந்து?

எலும்பு அடர்த்தியைப் பார்ப்பதற்கு டெக்ஸா ஸ்கேன் என்று ஒன்று உண்டு. படுத்திருந்தால் போதும், வலி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் கொஞ்சம். பீங்கானைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி. எடை குறைவு, ஸ்டீராய்டு, முன்பே முறிவு, நுரையீரல் பலக்குறைவு போன்றவை இருந்தால் எட்டு வயதிலிருந்தே பார்க்கச் சொல்கிறார்கள். எதுவும் இல்லாவிட்டாலும் 18 வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிறகு நிலைமையைப் பொறுத்து ஒரு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ ஒருமுறை. பிள்ளை குள்ளமாக இருந்தால் அந்த உயரத்தைக் கணக்கில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இருப்பதைவிட மோசமாகக் காட்டும். விருத்தாசலத்திலிருந்து விழுப்புரம் போய், காட்பாடி லைனில் ஏறினால் வேலூர். வியர்வைச் சோதனை, மரபணு, டெக்ஸா எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

எலும்பு மிகவும் இளைத்தவர்களுக்கு பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்து உண்டு. வாரம் ஒரு மாத்திரையாகவோ, சில மாதங்களுக்கு ஒருமுறை டிரிப்பாகவோ கொடுப்பார்கள். அடர்த்தி கூடுகிறது. முறிவும் குறைகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இந்த நோயில் நடக்கவில்லை. டிரிப் போட்டபின் காய்ச்சலும் எலும்பு வலியும் வரலாம். முதலில் வைட்டமின் டி-யைச் சரி செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

பழுதான உப்பு வாசலையே திறந்துவிடும் மாத்திரைகளும் வந்துவிட்டன. முதலாவது 2012-ல், மூன்று மருந்து சேர்ந்தது 2019-ல், அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எடை கூடி, தொற்று குறைவதால் எலும்புக்கும் நன்மை இருக்கும் என்று ஆரம்ப ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நாடுகளில் இந்த நோயோடு பிறப்பவர்கள் அறுபது வயதைத் தாண்டி வாழ்வார்கள் என்று கணக்குப் போடும் காலம் இது. நமக்கு இரண்டு தடை. விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். இன்னொன்று, அந்த மருந்துகள் குறிப்பிட்ட மரபணுப் பழுதுகளில்தான் வேலை செய்யும். வெள்ளைக்காரர்களிடம் அதிகம் காணும் பழுது நம்மவர்களிடம் அவ்வளவு இல்லை. எனவே மரபணு ரிப்போர்ட்டை ஃபைலில் பத்திரமாக வையுங்கள், என்றைக்காவது கை கொடுக்கும்.

விலா வலித்தால் வீட்டில்...

இருமும்போது ஒரே இடத்தில் சுருக்கென்று வலி, தொட்டால் அங்கேயே நோகிறது என்றால் விலா முறிவாக இருக்கலாம். முதுகில் திடீர் வலியோ, உயரம் குறைவதோ, கூன் விழுவதோ முள்ளெலும்புக்கு அடையாளம். சில நேரம் வலியே இல்லாமலும் நசுங்கும். டாக்டரைப் பார்க்கும்வரை இருமலை அடக்கச் சொல்லாதீர்கள். இருமலை நிறுத்தும் சிரப்பும் கொடுக்காதீர்கள். ஒரு தலையணையை வலிக்கும் பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி பாதி குறையும். மணிக்கொரு தரம் மூச்சை ஆழமாக இழுத்து விடட்டும். அந்தப் பக்கம் தட்டிச் சளி எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, வேறு முறையை பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். வலி மாத்திரை கட்டாயம் வேண்டும், ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். இவர்களுக்குப் போடும் சில கிருமிக்கொல்லி ஊசிகளோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும்.

வலியோடு திடீரென்று மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், அது எலும்பாக இல்லாமல் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறியதாக இருக்கலாம். அப்போது தலையணையும் வேண்டாம், தைலமும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.